அந்த மீனைத் திங்கலாமா?

தை முதல் வாரத்தில் கிளாவரையின் விடிகாலை வெள்ளையாக இருக்கும். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று ஒவ்வொரு ஊராக ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டே வரும் பஸ் கடைசியாக வந்து நிற்கிற ஊர். அதற்கப்பால் நடந்துதான் போகவேண்டும், நடந்தால் கேரளம். இரவு உறைபனி இறங்கியிருந்தால் காலையில் புல் நுனியெல்லாம் உப்புப் பூத்ததுபோல் நிற்கும். வாசலில் வைத்த வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி ஏடு கட்டியிருக்கும், விரலால் தட்டினால் உடையும். பள்ளத்துத் தோட்டத்தில் உருளைக்கிழங்குச் செடி கருகிக் கிடக்கும். "பனி எரிச்சிருச்சு" என்பார்கள். குளிர் எரிக்கும் என்பதை மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்படி ஒரு காலையில், என் தாய்மாமாவோடு சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்றிருந்தேன். மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்னமும் பூண்டு போடுகிறார், இன்னமும் பனியைத் திட்டுகிறார். அப்போது என் தங்கை மகன் வீடியோ காலில் வந்தான். கனடாவில், ஒட்டாவாவில் வேலை பார்க்கிறான். நமக்கு விடிகாலை ஆறரை என்றால் அவனுக்கு முந்தின நாள் இரவு எட்டு மணி. அவன் உட்கார்ந்திருந்தது ஒரு ஆற்றின் மேல். படகில் இல்லை, பாலத்தில் இல்லை, ஆற்றின் மேலேயே. ஒட்டாவா நதி அந்த நாட்டுத் தலைநகரை ஒட்டி ஓடுகிற பெரிய நதி. மார்கழி, தையில் அது உறைந்துவிடும். கரையோரத்தில், நீரோட்டம் குறைந்த இடங்களில், ஐஸின் மேல் சின்னச் சின்னக் கூடாரங்களையும் பலகைக் குடிசைகளையும் இழுத்துவந்து நிறுத்துகிறார்கள். திருகுத் துளைப்பான் ஒன்றை வைத்து ஐஸைக் குடைந்து, சோற்றுப் பானையின் வாயகலத்துக்கு ஓட்டை போடுகிறார்கள். அதில் தூண்டிலை இறக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன ஹீட்டரை வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தூரத்தில் நகரத்தின் விளக்குகள்.

"ஏப்பா, உள்ள போயிற மாட்டியே?" என்றார் மாமா.

"இல்ல தாத்தா. அரைச் சாண் நல்ல ஐஸ் இருந்தாலே ஆளு நிக்கலாம். இங்க ஒரு அடி இருக்கு. இதுக்கு மேல கார ஓட்டிட்டு வர்றவங்கூட இருக்கான்."

பேசிக்கொண்டிருக்கும்போதே நரம்பு இழுத்தது. அவன் போனைக் கீழே வைத்துவிட்டான். கூடாரத்தின் கூரைதான் கொஞ்ச நேரம் தெரிந்தது. திரும்ப எடுத்தபோது கையில் ஒரு மீன். வால்ஐ என்றான். கண் பளிங்குபோல் இருந்தது. அடுத்து அவன் செய்ததைத்தான் மாமா உற்றுப் பார்த்தார். பையிலிருந்து ஒரு அளவுகோலை எடுத்து மீனின் நீளத்தை அளந்தான். நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.

மாமா கேட்டார்: "ஊரை ஒட்டி ஓடுற ஆறு. அம்புட்டுப் பேரு கழிவும் அதுலதான வந்து விழும்? அந்த மீன திங்கலாமா?"

அவன் சிரிக்கவில்லை. "அதுக்கு ஒரு பட்டியல் இருக்கு தாத்தா" என்றான். நதியின் எந்தப் பகுதி, என்ன மீன், என்ன நீளம் என்று தட்டினால், மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று வருகிறதாம். பெரியவர்களுக்கு ஒரு எண். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னொரு எண், அதைவிடச் சின்னது. அரசாங்கமே போட்ட பட்டியல்.

மாமா சற்றுநேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நம்ம கொடைக்கானல் ஏரிக்கு அப்பிடி ஒண்ணு இருக்காப்பா?"

*

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நான் பார்த்தவரைக்கும் இல்லை. இல்லாமல் இருப்பது மறதியால் அல்ல. நமக்கு அப்படி ஒன்று தேவை என்றே நாம் நினைக்கவில்லை. நாம் என்றால் அரசாங்கம் மட்டுமல்ல, இதை வாசிக்கிற நீங்களும் எழுதுகிற நானும் சேர்த்துத்தான்.

ஒவ்வொரு மார்கழியிலும் செய்தித்தாள்களில் ஒரே படம் வரும். கொடைக்கானலில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும், தலைப்பில் 'மினி காஷ்மீர்' என்று இருக்கும். கருகின செடியின் படம் உள்பக்கத்தில் வந்தால் வரும். நம் இலக்கியத்திலும் கொடைக்கானல் பெரும்பாலும் மூடுபனிதான், பேரிக்காய் மரம்தான், பங்களாதான், சொல்லாமல் விட்ட காதல்தான். யூடியூபில் நம் பிள்ளைகள் கனடாவிலிருந்து உறைந்த ஆற்றில் மீன் பிடிக்கிற வீடியோ போடுகிறார்கள். லட்சக்கணக்கில் பார்க்கிறோம். ஐஸைப் பார்க்கிறோம், ஓட்டையைப் பார்க்கிறோம், இவ்வளவு குளிரில் இவன் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று வியக்கிறோம். மீனைப் பிடித்தவன் அடுத்து அதை அளக்கிறான், பட்டியலைப் பார்க்கிறான் என்பது நம் கண்ணில் படுவதில்லை. மாமாவின் கண்ணில் பட்டது. ஏனென்றால் அவர் வேடிக்கை பார்க்கவில்லை, சாப்பாட்டைப் பார்த்தார்.

அந்தப் பட்டியல் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒன்டாரியோ மாகாணத்தின் சுற்றுச்சூழல் துறை பல பத்தாண்டுகளாக வெளியிட்டுவரும் மீன் உண்ணும் வழிகாட்டி. முதலில் புத்தகமாக வந்தது, இப்போது இணையத்தில் வரைபடமாக இருக்கிறது. 2,000க்கும் மேற்பட்ட இடங்களில், ஏரி ஏரியாக, ஆற்றுப் பகுதி பகுதியாக மீன்களைப் பிடித்துச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். நீளத்தை 5 சென்டிமீட்டர் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் மாதத்துக்கு இத்தனை வேளை என்று எண். ஒரு வேளை என்பது பெரியவர்களுக்கு 227 கிராம் மீன். சில கட்டங்களில் பூஜ்யம் இருக்கும். தொடாதே என்று அர்த்தம். வால்ஐ போன்ற மீன்களுக்கு இந்தக் கட்டுப்பாடு வருவதற்கு அங்கே பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பாதரசம்.

நீளத்தை ஏன் அளக்கவேண்டும்? பாதரசத்தின் வேலை அப்படி. அது காற்றில் ஆவியாகப் போய், மழையோடு இறங்கி, ஏரிச் சேற்றில் படிகிறது. சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதை மிதவை உயிரிகள் எடுத்துக்கொள்கின்றன. அவற்றைச் சின்ன மீன் தின்கிறது, சின்ன மீனைப் பெரிய மீன் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் அளவு கூடுகிறது. வயதான, பெரிய, மற்ற மீனைத் தின்கிற மீனில்தான் அதிகம் சேர்ந்திருக்கும். கலங்கிய தண்ணீரைக் கண்டால் ஒதுங்குவோம், அழுகின மீனை முகர்ந்தால் தெரியும். மெத்தில் பாதரசத்துக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. மஞ்சள் போட்டுக் கழுவினாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது, ஏனென்றால் அது தசைக்குள்ளேயே இருக்கிறது. கருவில் இருக்கும் குழந்தையின் மூளைக்கும் நரம்புக்கும்தான் அது முதல் பகை. அதனால்தான் பெண்களுக்குத் தனி எண். நம் கண்ணும் மூக்கும் நாக்கும் கைவிடுகிற இடம் இது. இங்கே ஆய்வகம் ஒன்றால் மட்டும்தான் பதில் சொல்ல முடியும். அந்தப் பதிலை வெளியே சொல்லும் கடமை அரசுக்கு மட்டும்தான் உண்டு.

*

இப்போது நம் ஏரிக்கு வருகிறேன்.

கொடைக்கானல் ஏரி இயற்கையாக உண்டானதல்ல. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து உண்டாக்கியது. வெள்ளைக்காரர்களுக்கு அவர்கள் ஊர்போல ஒரு குளிர்ந்த நீர்ப்பரப்பு வேண்டியிருந்தது. அன்று தொடங்கியே அது பார்ப்பதற்கும் படகு விடுவதற்குமான தண்ணீர். பக்கத்து மலைக் கிராமத்து ஆட்கள் அந்த ஏரியைக் கூலி வேலைக்கு வந்தபோதுதான் பார்த்தார்கள்.

1983இல் அந்த ஊருக்கு ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஆலையை மூடி, இயந்திரங்களோடு இங்கே கொண்டுவந்தார்கள். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வாட்டர்டவுன், ஒட்டாவாவுக்குத் தெற்கே, செயின்ட் லாரன்ஸ் நதியைத் தாண்டினால் இருக்கிறது. காரில் அரை நாள்கூட ஆகாது. என் தங்கை மகன் ஓட்டை போட்டு உட்கார்ந்திருக்கிற அதே பனி நாடு. அங்கேயும் தை மாதத்தில் ஐஸின் மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கிறார்கள். அங்கிருந்து பாதரசத் தொழில் கிளம்பி நம் மலைக்கு வந்தது. செய்த தெர்மாமீட்டர்கள் இங்கிருந்து ஏற்றுமதியாகித் திரும்ப அந்தப் பக்கமே போயின. மீனை அளந்து தின்கிற பழக்கம் மட்டும் நம் பக்கம் வரவில்லை.

பிறகு நடந்தது பலரும் அறிந்ததுதான். பாண்ட்ஸ் தொடங்கிய ஆலை யூனிலீவர் குழுமத்தின் கைக்குப் போய் இந்துஸ்தான் லீவர் ஆலையாயிற்று. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் குவியலை ஊர்க்காரர்களும் சூழல் அமைப்புகளும் கண்டுபிடித்து வெளிக்கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் கிட்டத்தட்ட 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' பாட்டு உலகம் சுற்றிவந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது. தொழிலாளர் உடல்நலத்துக்கோ சூழலுக்கோ கேடு நேரவில்லை என்பதுதான் நிறுவனம் தொடர்ந்து சொல்லிவருவது. வளாகத்து மண்ணைச் சுத்தப்படுத்த, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றுக்கொண்டது. அது போதாது, இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்று சூழல் ஆர்வலர்கள் கேட்டார்கள்.

இந்தக் கதையில் தொழிலாளர் இருக்கிறார்கள், மண் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, பாட்டும் இருக்கிறது. மீன் எங்கே?

மீன் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது, ஆய்விதழில். ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் கொடைக்கானல் ஏரி, பேரிஜம் ஏரி, குக்கல் ஏரி மூன்றையும் ஆராய்ந்து 2006இல் கட்டுரை வெளியிட்டார்கள். கொடைக்கானல் ஏரியின் தண்ணீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருந்தது. மெத்தில் பாதரசமும் இருந்தது. சேற்றில் கொடைக்கானல் ஏரிக்கு அதிகம், அதற்கடுத்து பேரிஜம், அதற்கடுத்து குக்கல். கொடைக்கானல் ஏரி கெட்டதற்குக் காரணம் தெர்மாமீட்டர் ஆலை என்பதைக் கட்டுரையின் தலைப்பிலேயே எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் அரசாங்கச் சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகள். ஒரு துறை கண்டுபிடித்ததை இன்னொரு துறை ஏரிக்கரையில் பலகையாக நட்டிருக்கவேண்டும். ஆங்கில ஆய்விதழில் இருப்பதைக் கிளாவரை பூண்டு விவசாயி எப்படி வாசிப்பார்?

அந்த ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் பாதை இருக்கிறது. பலமுறை நடந்திருக்கிறேன். படகுக்குக் கட்டணப் பலகை உண்டு. குப்பை போடாதீர் என்று உண்டு. வரவேற்கிறோம் என்று உண்டு. ஏரியில் தூண்டில் போட மீன்வளத் துறையிடம் அனுமதி பெறவேண்டும் என்று சுற்றுலாக் கையேடுகள் நெடுங்காலமாக எழுதி வந்திருக்கின்றன. பிடிக்க யாரிடம் கேட்கவேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கிறது. பிடித்ததைத் தின்னலாமா என்பதை எழுதிய ஒரு பலகையைக்கூட நான் பார்த்ததில்லை.

*

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்களை நான் அறிவேன். நண்பர்களிடம் பேசிப் பார்த்துவிட்டேன்.

முதல் பதில்: "சுற்றுலா படுத்துரும் சார். கடைக்காரன், குதிரைக்காரன், லாட்ஜ் பையன் எல்லாரும் நடுத்தெருவுக்கு வந்துருவான்." இந்த அக்கறையை நான் கேலி செய்யவில்லை. கிளாவரை கேரட்டும் அந்த ஊர்ச் சந்தையை நம்பித்தான் இருக்கிறது. ஆனால் ஒட்டாவாவைப் பாருங்கள். மாதம் இத்தனை வேளைக்கு மேல் தின்னாதே என்று அரசாங்கமே சொல்கிற நதியின் மேல்தான் அவ்வளவு கூடாரம் நிற்கிறது. பட்டியல் வந்ததால் ஒருவனும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. அளவு தெரிந்தால் சின்ன மீனை எடுத்துக்கொண்டு பெரிய மீனைத் திரும்ப விடுகிறான். பெண்டாட்டி கர்ப்பமாக இருந்தால் வேறு வாங்கிக் கொடுக்கிறான். அச்சம் பரவுவது அளவு தெரியாத இடத்தில்தான். 'ஏரியில் பாதரசம்' என்கிற இரண்டு சொல் வதந்தி செய்யும் கேட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒரு நேர்மையான பலகை செய்யாது.

இரண்டாவது பதில்: "அதெல்லாம் பழைய கதை. ஆலையை மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு." ஆலையை மூடினால் சேறு மூடிக்கொள்ளுமா? பாதரசம் மக்கிப் போகிற பொருளல்ல. ஏரிச் சேற்றில் பல பத்தாண்டுகள் கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாக மீனுக்குள் ஏறக்கூடியது. குறைந்திருக்கலாம், மறுக்கவில்லை. குறைந்திருந்தால் நல்லதுதானே? அளந்து, குறைந்துவிட்டது என்று எழுதிப் போடுங்கள். முதலில் நன்றி சொல்கிறவன் நானாக இருப்பேன். அளக்காமலேயே 'பழைய கதை' என்று சொல்வது, கணக்குப் பார்க்காமல் கடன் அடைந்துவிட்டது என்று சொல்வதுபோல.

மூன்றாவது பதில்தான் என்னை அதிகம் கோபப்படுத்துவது. "அந்த ஏரி மீன யாரு சார் திங்கறா?" சொன்னவர் நல்ல மனிதர், படித்தவர். அவர் வீட்டுக்கு மீன் ஐஸ் பெட்டியில் கடலிலிருந்து வருகிறது. ஏரி மீனைத் தின்கிறவர்கள் யார் என்று அவருக்குத் தெரியாது, அதனால் அப்படி யாரும் இல்லை என்று முடிவு செய்துவிட்டார்.

மாமாவின் பதில் அவருக்குத்தான். அந்த மேட்டில், போன் வைத்த பிறகு, அவர் சொன்னார். தொண்ணூறுகளில் இரண்டு வருஷம் விளைச்சல் போய், கொடைக்கானலில் மூட்டை தூக்கப் போயிருந்தார். மகளும் மருமகனும் கூட இருந்தார்கள். "எம் மக உண்டாயிருந்தா. மீனு வேணும் மீனு வேணும்பா. கடல் மீனு வாங்கக் காசேது? ஏரிக்கரையில பயலுக பிடிச்சுக் குடுப்பானுக, கெண்டை. வாரத்துக்கு ரெண்டு நாளு அதுதான் கொழம்பு. நல்ல மீனு. பளபளன்னு இருக்கும்." நிறுத்திவிட்டுச் சொன்னார்: "யாரும் ஒண்ணும் சொல்லலையே."

இதை நான் எந்தக் குற்றத்துக்கும் சாட்சியாக வைக்கவில்லை. அந்தப் பேரன் நன்றாகத்தான் இருக்கிறான், திருப்பூரில் வேலை பார்க்கிறான். அவள் தின்ற மீனில் எவ்வளவு இருந்தது, இருந்ததா என்பதே யாருக்கும் தெரியாது. நான் சொல்வதும் அதைத்தான். தெரியாது. ஒரு தகப்பன் முப்பது வருஷம் கழித்து, ஒரு வீடியோ காலைப் பார்த்துவிட்டு, தான் மகளுக்கு ஊட்டியது என்ன என்று யோசித்துக்கொண்டு மேட்டில் நிற்கிறார். அவருக்கு ஆறுதல் சொல்லவும் என்னிடம் ஒரு எண் இல்லை.

*

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் 'வெளிநாட்டில் எல்லாம் சுத்தம், நம்மூர்தான் மோசம்' என்கிற பழைய பல்லவியாக இதை வாசித்துவிடுவீர்கள். எனக்கு அந்தப் பல்லவி பிடிக்காது, அது உண்மையும் அல்ல.

அதே ஒன்டாரியோவில், டிரைடன் என்ற ஊரில் இருந்த காகித ஆலை 1962 முதல் 1970 வரை சுமார் 9 டன் பாதரசத்தை ஆற்றில் விட்டது. கீழே கிராஸி நாரோஸ் என்ற இடத்தில் அனிஷினாபே பழங்குடி மக்கள் இருந்தார்கள். மீன்தான் அவர்களுடைய சாப்பாடு, மீன்தான் தொழில். 1970இல் வணிக மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. தொழில் போயிற்று. நடுக்கமும் கண் மங்கலும் மிச்சமாயின. அடுத்த தலைமுறைக்கும் போயிற்று. இன்றுவரை அவர்கள் நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பட்டியல் போடுவது தூய்மைப்படுத்துவதற்கு ஈடாகாது. கெடுத்தவனை விட்டுவிட்டு, தின்கிறவனிடம் 'பார்த்துத் தின்' என்று சொல்வதில் ஒரு அநியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே அந்த மக்கள் வழக்காட முடிவதற்கும் அளவுகள்தான் கையில் ஆயுதமாக இருக்கின்றன. அளவே இல்லாதவன் நீதிமன்றத்தில் எதைக் காட்டுவான்?

ரஷ்யாவின் கபரோவ்ஸ்க், ஆமூர் நதிக்கரையில் இருக்கிற பெரிய நகரம். குளிர்காலத்தில் ஊரே ஐஸின் மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கும். 2005 நவம்பர் 13 அன்று சீனாவின் ஜிலின் நகரத்தில் ஒரு ரசாயன ஆலை வெடித்து, ஏறத்தாழ 100 டன் பென்சீன் வகை ரசாயனங்கள் சொங்குவா நதியில் கலந்தன. வழியில் ஹார்பின் நகரம் பல நாள் குழாய்த் தண்ணீரை நிறுத்தவேண்டியதாயிற்று. டிசம்பர் கடைசியில் அந்த நஞ்சு ஐஸுக்கு அடியில் நகர்ந்து ஆமூர் வழியே கபரோவ்ஸ்க் வந்து சேர்ந்தது. மேலே ஐஸ் மூடியிருந்தால் பென்சீன் ஆவியாகிக் காற்றில் போகவும் வழியில்லை. மேலே வெண்மை, கீழே விஷம். அங்கே மீன் பிடிக்கத் தடை போட்டார்கள். தடை போட முடிந்ததற்குக் காரணம், நஞ்சு எங்கே வந்திருக்கிறது, எவ்வளவு என்று நாள்தோறும் அளந்துகொண்டிருந்ததுதான்.

நம் பெருநகரத்து ஆற்றில் மார்கழி மீன்பிடிப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த வாரம், எண்ணூர். பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய்க் கழிவு கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் வந்து படர்ந்தது. மீனவர்கள் வலையை ஓரமாகப் போட்டுவிட்டு, வாளியாலும் குவளையாலும் வெறுங்கையாலும் எண்ணெயை அள்ளினார்கள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு சென்னையில் எத்தனை பேர் மீன் வாங்குவதை நிறுத்தினார்கள், அப்புறம் எந்த நாளில் திரும்ப வாங்க ஆரம்பித்தார்கள்? எதை நம்பி நிறுத்தினோம், எதை நம்பி ஆரம்பித்தோம்? மனசு மறந்தது, ஆரம்பித்தோம். மீனவர் நட்டத்தையும் தின்கிறவர் ஆபத்தையும் நம் ஊரில் மறதிதான் தீர்த்துவைக்கிறது.

*

ஆகவே என் கோரிக்கை சின்னது. பெரிய புரட்சி எதுவும் கேட்கவில்லை.

கொடைக்கானல் ஏரி, பேரிஜம், குக்கல், மன்னவனூர் ஏரிகளிலும், ஆலை இருந்த மேட்டுக்குக் கீழே பாம்பார் சோலையிலிருந்து கும்பக்கரை வரை இறங்கும் ஓடையிலும், வருஷத்துக்கு ஒருமுறை மீன் பிடித்துச் சோதிக்கவேண்டும். பேரிஜத் தண்ணீரைப் பெரியகுளம் குடிக்கிறது, கும்பக்கரையில் ஊரே குளிக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். என்ன மீன், என்ன நீளம், எவ்வளவு பாதரசம், மாதத்துக்கு எத்தனை வேளை, கர்ப்பிணிகளுக்கு எத்தனை: இந்த ஐந்தையும் தமிழில், பெரிய எழுத்தில், படகுக் கட்டணப் பலகைக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கவேண்டும். அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு பிரதி ஒட்டவேண்டும். கர்ப்பிணிகள் வருகிற இடம் அதுதான்.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. மீனில் பாதரசம் எவ்வளவு இருக்கலாம் என்று நம் உணவுப் பாதுகாப்பு விதிகளில் வரம்பு ஏற்கெனவே இருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்று உறுதிசெய்திருக்கிறது. ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவின் மீனைத் தின்றவர்களுக்கு வந்த நோயை 1956இல் அதிகாரபூர்வமாகக் கண்டறிந்தார்கள். அதற்குக் காரணம் சிசோ ஆலைக் கழிவின் மெத்தில் பாதரசம்தான் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. நடுவில் போன பன்னிரண்டு வருஷமும் சனங்கள் அந்த மீனைத் தின்றார்கள். அந்த ஊரின் பெயரால் ஆன உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள், ஒரு ஏரிக்குப் பலகை வைக்க எத்தனை வருஷம் எடுத்துக்கொள்வார்கள்? ஆய்வகம் இருக்கிறது, விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், ஒருமுறை செய்தும் காட்டிவிட்டார்கள். இல்லாதது ஒன்றுதான். இது கேட்கவேண்டிய கேள்வி என்கிற எண்ணம்.

அதிகாரிகளுக்கு அந்த எண்ணம் வராததற்குப் பாதிக் காரணம் நாம். மலை என்றால் காட்சி, குளிர் என்றால் கொண்டாட்டம், ஏரி என்றால் படகு என்று நாம் எழுதியும் வாசித்தும் பழகியிருக்கிறோம். அந்தத் தண்ணீரிலிருந்து யாரோ ஒருத்தர் குழம்பு வைக்கிறார் என்பதை மறந்தோம். ஏரிக்கரையில் நின்று போட்டோ எடுக்கும்போது, தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிற பையன் படத்தில் அழகாக விழுவான். அடுத்த முறை போனால் அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், இந்த மீன் யார் வீட்டுக்குப் போகிறது என்று. பிறகு படகுத்துறைக் கவுண்டரில் கேளுங்கள், இந்த ஏரி மீனைத் தின்னலாமா என்று. பதில் வராது. வராவிட்டாலும் கேளுங்கள். நூறு பேர் கேட்டால் கவுண்டரில் இருப்பவர் மேலே கேட்பார். ஆயிரம் பேர் கேட்டால் மேலே இருப்பவர் கீழே வருவார்.

மேட்டிலிருந்து இறங்கும்போது வெயில் வந்துவிட்டது. பனி உருகிப் புல் பச்சையாயிற்று. செடி கருகினது கருகினதுதான். மாமா வரப்பில் குனிந்து ஒரு பூண்டுத் தாளைத் தடவிப் பார்த்தார். "இது தப்பிச்சிரும்" என்றார். பிறகு நடந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவன் அந்த மீன அளந்தான் பாத்தியா. எனக்கும் ஒரு அடிக்கோலு இருக்கு. பட்டியலுதான் இல்ல."